கோள்செடி சிவந்த வீடு

"செருப்பைக் கழட்டிட்டா எல்லாம் சரியாப் போச்சா? நீ வாரியத்துல யாரா வேணா இரும்மா. இந்த நிலைப்படிக்கு உள்ள காப்புக் கட்டுன பொம்பளைக மட்டுந்தான்."

"ஆசைப்பட்டுக் கேக்கலைங்க்கா. என் கையில இருக்கிறதப் பாருங்க."

"பாத்துட்டேன். தெருவே பாக்குது. போதுமா?"

ஷர்மிளா அக்கா சொன்னதில் பொய்யில்லை. எதிர்வீட்டுக்காரி காய்ந்து போன துணியை மறுபடி உதறிக் காயப்போட்டாள். அடுத்த வீட்டில் கூட்டிய வாசலையே திரும்பக் கூட்டினார்கள். மற்றவர்களுக்கு அப்படி ஒரு சாக்கும் தேவைப்படவில்லை, கைகட்டி நின்றார்கள்.

பார்க்க வேண்டிய காட்சிதான். ஷர்மிளா அக்கா நிலைப்படியில் இரண்டு கையையும் குறுக்கே நீட்டி நின்றாள். படிக்குக் கீழே களைத் தடுப்பு வாரியத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் தன்ஷிகா. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் தெருக்கோடி மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். முப்பதை நெருங்குகிறாள், கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்பதை இரண்டு வருடமாகியும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கையில் ஒரு சின்னத் தொட்டி. தொட்டியில் கோள்செடி. தெருவுக்குள் நுழையும்போது பச்சையாக இருந்த அதன் இலை, இந்த வாசலுக்கு வந்ததும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்துவிட்டது.

இந்தக் கோள்செடி வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் ஊர் ஏழுமடை. ஊருக்கு இருப்பது ஒரே கண்மாய். குடிப்பதும் அதில்தான், விளைவதும் அதில்தான். சில வருடங்களுக்கு முன் அந்தக் கண்மாயில் பாய்ப்பூண்டு வந்தது. தண்ணீரில் பாய் விரித்தாற்போலப் படரும். கரையேறினால் மண்ணிலும் வேர் விடும். பூத்தால் அந்தக் காற்று பட்ட பிள்ளைகளுக்கு மூச்சு இழுக்கும். ஆடு தின்னாது, மீன் தங்காது. எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லாக் கதையிலும் தப்புச் செய்தது பக்கத்து ஊர்க்காரன்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. வாரியம் அமைத்தது. வாரியத்துக்குள் மூன்று பிரிவு. தண்ணீரில் இருக்கும் களை நீர்நிலைப் பிரிவுக்கு. கரையில் இருப்பது வேளாண் பிரிவுக்கு. அதுவே நகர்ந்து ரோட்டுக்கு வந்துவிட்டால் நகரப் பிரிவுக்கு. ஒருமுறை ஒரு கொடி பாதி தண்ணீரிலும் பாதி கரையிலுமாகக் கிடந்தது. இரண்டு பிரிவு அதிகாரிகளும் குடை பிடித்துக்கொண்டு நின்று அது யாருடையது என்று பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் கொடி ரோட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் நிம்மதி.

பிடுங்கிய களையை என்ன செய்வது என்பதிலும் அப்படித்தான். நீர்நிலைப் பிரிவு எரித்தது. வேளாண் பிரிவு காயவைத்துக் குவித்தது. நகரப் பிரிவுதான் கெட்டிக்காரப் பிரிவு. மட்கவைத்து, மூட்டை கட்டி, 'வாரிய உரம்' என்று சிரித்த முகம் ஒன்றை அச்சடித்து, வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தது. இலவசம் என்றால் நாங்கள் வேண்டாம் என்று சொல்லுகிற ஆட்கள் இல்லை. அதிலும் ஊரில் மாடு வைத்திருந்த கடைசி வீடும் அதை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கியிருந்தது. சாண எருவுக்கு எங்கே போவது?

இதற்குப் பிறகுதான் கோள்செடி வந்தது. பாய்ப்பூண்டு முளைத்து வேர் விட்டால் அந்த வேர் ஒரு நெடியைக் கசியவிடுமாம். நம் மூக்குக்குத் தெரியாது. அந்த நெடி சில அடி தூரத்தில் பட்டாலே இலை சிவக்கும்படி, ஏதோ ஒரு கீரைச்செடியை ஆய்வுக்கூடத்தில் மாற்றி வளர்த்திருந்தார்கள். வாரியம் அதற்கு வைத்த பெயர் 'பசுங்காவலன்'. ஊர் வைத்த பெயர் கோள்செடி. வீட்டுக்கு ஒரு தொட்டி வாசலில் இருக்க வேண்டும். இலை சிவந்த வீட்டுக்காரர் பெயர் அன்று சாயங்காலமே பேருந்து நிலையத்துப் பெரிய திரையில் ஓடும். அந்த வீட்டுத் தெருவுக்குத் தண்ணீர் லாரி கடைசியாக வரும். இதற்கு வாரியத்தில் 'மக்கள் பங்கேற்பு' என்று பெயர்.

பங்கேற்றோம். திரையில் பெயர் வராமலிருக்க என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தோம். கொல்லையில் பாய்ப்பூண்டு தலைகாட்டினால் யாரும் வாரியத்துக்குச் சொல்லவில்லை. பிடுங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டோம். அந்தப் பக்கத்துக்காரர் இந்தப் பக்கம் போட்டார். சாக்கடையில் போட்டவர்களும் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைப் பார்த்தார்கள். எங்கள் தெரு ரோகிணியின் பெயர் ஒரு வாரம் திரையில் ஓடியது. அவள் அன்றிலிருந்து வாரியத்து ஆட்களுக்குத் தண்ணீர்கூடத் தருவதில்லை என்று சபதம் போட்டாள். ஒவ்வொரு வருடமும் கண்மாய் சுத்தம் செய்யப்பட்டது. ஒவ்வொரு வருடமும் அதே படித்துறை ஓரத்தில் பாய்ப்பூண்டு மறுபடி தலைதூக்கியது. போன வருடம் இரண்டு பிள்ளைகளை மூச்சுத் திணறி மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்று திரும்பி வரவில்லை.

ஆகையால், ஷர்மிளா அக்கா வாசலில் இலை சிவந்தது சின்ன விஷயமில்லை. அதுவும் எந்த நேரத்தில்? அவள் வீட்டு முன்னறையில்தான் செல்லாயி அம்மனுக்கு முளைப்பாரி வளர்ந்துகொண்டிருந்தது. தெருப் பெண்கள் இருபது பேர் காப்புக் கட்டி, ஆளுக்கொரு சட்டியில் விதை போட்டு, ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, குளித்த ஈரத்தோடு போய்த் தண்ணீர் தெளித்து வந்தார்கள். வாசலில் கோலத்துக்கு இடம் வேண்டும் என்று வருடாவருடம் அவள் தன் கோள்செடியைக் கொல்லைக்கு நகர்த்திவிடுவாள்; இந்த வருடம்தான் தன்ஷிகா கையில் ஒரு தொட்டியோடு வந்து நின்றாள். ஊர்வலத்துக்கு இன்னும் மூன்று நாள். போதாததற்கு, திருவிழா முடிந்ததும் அவள் மகள் நிவேதாவுக்குப் பூ வைக்க வருவதாக வடக்கு வீதி ஜெயசுதா வீட்டில் சொல்லியிருந்தார்கள். திரையில் பெயர் வந்தால் பூவும் வராது, ஒன்றும் வராது.

"அந்தச் செடியத் தூக்கிட்டுப் போயிரு. சாயங்காலம் எம் பேரைப் போடணும்னா போட்டுக்க. உள்ள மட்டும் வரக் கூடாது" என்றாள் ஷர்மிளா அக்கா. குரல் இறங்கவில்லை, ஆனால் கண் மகள் நின்ற பக்கம் ஒருமுறை போய் வந்தது.

"பேரைப் போடறதுக்கு நான் உள்ள வரவே வேண்டாமுங்களே. இங்கிருந்தே போட்டிருப்பேன்" என்றாள் தன்ஷிகா. "உள்ள எங்க முளைச்சிருக்குன்னு தெரியாமப் போனா அது நேராக் கண்மாய்க்குப் போயிடுமுங்க. காப்புக் கட்டுனவங்கதான் வரலாம்னா எனக்கும் கட்டுங்க."

"குளிக்காம காப்பா?"

தன்ஷிகா தொட்டியைக் கீழே வைத்தாள். நேராகத் தெருக்குழாய்க்குப் போனாள். யாரோ நிரப்பி வைத்திருந்த குடத்தைத் தூக்கி வாரியத்துச் சட்டையோடு தலையில் கவிழ்த்துக்கொண்டாள். இன்னொரு குடம். குடத்துக்காரி வாயைத் திறந்து மூடினாள். சொட்டச் சொட்ட வந்து படியில் நின்று வலது கையை நீட்டினாள். ஷர்மிளா அக்கா அந்தக் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினாள்.

"ஒரு வார்த்தை. உள்ள பாத்ததை ஊர்வலத்துக்கு முன்னாடி வெளிய மூச்சு விடக் கூடாது. நல்லா வந்திருந்தாலும் சரி, கருகிப் போயிருந்தாலும் சரி. அம்மன் மேல சொல்லு."

"சொல்லமாட்டேனுங்க்கா" என்றாள் அவள். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே நடந்தது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். உள்ளே இருபது பெண்கள் இருந்தார்கள். ஊர்வலம் முடிந்து காப்பு அவிழ்த்த மறுநாள் காலைக் காப்பிக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது.

தன்ஷிகா தன் ஜீப்பில் இருந்த கோள்செடி நாற்றுத் தட்டை வரவழைத்தாள். பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்தது. சட்டிகளைச் சுவரோரம் தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு பெரிய பானையைக் கவிழ்த்து, உள்ளே ஒரு நாற்றை விட்டாள். ஒரே ஒரு விளக்கு வெளிச்சம். இருட்டில் வளர்ந்த முளைகள் எல்லாம் வெளுத்த மஞ்சளாய், ஒன்றுபோல இருந்தன. எது பயறு, எது பாய்ப்பூண்டு என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. கொஞ்ச நேரம் கழித்துப் பானைகளை எடுத்தார்கள். வரிசையாக எல்லாம் சிவப்பு. கடைசிச் சட்டியில் மட்டும் பச்சை.

"இது யாரோடதுங்க?"

ரோகிணி முன்னால் வந்தாள். தண்ணீர்கூடத் தருவதில்லை என்ற சபதம் அப்போதும் நடப்பில்தான் இருந்தது. முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டே பதில் சொன்னாள்.

"என்னோடதுதான். எம் பேரைத் திரையில ஓடவிட்டவய்ங்க குடுத்த உரத்தை நான் தொடுவேனா? எந்தம்பி கிடையில இருந்து ஆட்டுப் புழுக்கை கொண்டாந்து போட்டேன். இவளுகெல்லாம் சிரிச்சாளுக."

மற்ற சட்டிகள் எல்லாவற்றிலும் வாரிய உரம். சிரித்த முகம் போட்ட மூட்டை அறை மூலையிலேயே கிடந்தது. தன்ஷிகா ஒரு நாற்றை அதற்குள் சொருகிப் பார்த்தாள். பச்சையாகவே இருந்தது.

"மூட்டை சொல்லலையே" என்றாள் ஷர்மிளா அக்கா.

"முளைச்சு வேர் விட்டாத்தானுங்க நெடி வரும். விதையா இருந்தா இதுக்குத் தெரியாது."

"அப்ப உரத்தை உங்க ஆபீஸ்ல சோதிக்காமயா குடுத்தாங்க?"

"சோதிச்சாங்க்கா. நான் கூட நின்னு பாத்தேன். கண்ணாடிக் கூடத்துல தட்டுத் தட்டாப் பரப்பி, தண்ணி விட்டு, நல்ல வெயில்ல…"

அங்கே நிறுத்தினாள். ஜன்னலில் அடைத்திருந்த கறுப்புத் துணியைப் பார்த்தாள். சட்டிகளைப் பார்த்தாள்.

"வெயில்ல வெச்சோம்" என்றாள் மறுபடி, மெதுவாக. "இது இருட்டுல முளைக்கிற விதைங்க. கண்மாய்க்கு அடியில, பாய்க்கு அடியில. நாங்க வெளிச்சத்துல வெச்சுட்டு ஒண்ணுமே முளைக்கலைன்னு முத்திரை குத்தியிருக்கோம்."

பெண்கள் மூலையில் கிடந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி கேட்டாள், போன வருடமும் இந்த உரம்தானே என்று. அதற்கு முந்தின வருடமும் என்றாள் இன்னொருத்தி. படித்துறையில் இறங்கி, குலவை போட்டு, சட்டி சட்டியாகக் கண்மாயில் கரைத்தது அவர்கள் கைதான். அதே படித்துறை. மதுரைக்குக் கொண்டுபோய்த் திரும்பாத பிள்ளையின் பெரியம்மாவும் அங்கே காப்புக் கட்டி நின்றிருந்தாள். அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகை வெளியே வரவில்லை. வாய் மட்டும் கோணியது.

"எந்திரி" என்றாள் ஷர்மிளா அக்கா. "இங்க உக்காந்து அழறதுக்கா காப்புக் கட்டுனோம்? இனிமே ஒரு முளை அந்தத் தண்ணிக்குள்ள போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

தன்ஷிகா அந்த நிமிடமே அலுவலகத்துக்கு ஓட வேண்டும் என்றுதான் நினைத்தாளாம். கதவுவரை போய்விட்டாள். கையிலிருந்த மஞ்சள் கயிறு கண்ணில் பட்டது. திரும்பினாள்.

"நான் குடுத்த சொல்லை விட்டுத் தர முடியாதுங்களா? மூணு நாளுங்க்கா. எனக்கு இன்னைக்கே சொல்லணும்."

"என் சொத்தா இருந்தா விட்டுத் தருவேன். அம்மனுக்குச் சொன்னதை நான் எப்படி விட்டுத் தர்றது?"

தன்ஷிகா யோசித்துவிட்டு, சரி என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாத வாரியத்துக்காரிக்கு நாளைக்கு இந்த ஊரில் ஒரு கொல்லைக் கதவும் திறக்காது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. "வாயைத் திறக்கமாட்டேனுங்க. ஆனா கண்மாயில கரைக்கக் கூடாது."

"கரைக்கமாட்டோம். ஆனா தண்ணியிலதான் கரைப்போம். எந்தத் தண்ணின்னு நாங்க பாத்துக்கிறோம்."

அன்று சாயங்காலம் திரையில் ஷர்மிளா அக்கா பெயர் ஓடவில்லை. ஊர் என்ன பேசும்? வாரியத்துக்காரிக்குக் கொழுக்கட்டை கொடுத்து மடக்கிவிட்டாள் என்று பேசியது. நாங்களும் பேசினோம், மறைப்பானேன். ஆனால் இலை சிவந்ததைத் தெருவே பார்த்திருந்ததால் திரை தேவைப்படவில்லை. மறுநாள் ஜெயசுதா வீட்டிலிருந்து ஆள் வந்து, நேரம் சரியில்லை என்று ஜோசியர் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஷர்மிளா அக்காவால் நடந்ததைச் சொல்ல முடியாது. சொன்னால் காப்பு. சொல்லாவிட்டால் மகள். "ஜோசியர் சொன்னா சரிதான்" என்று மட்டும் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினாள். நிவேதா அந்தக் காப்பி டம்ளரைக் கழுவிய சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டது.

அதே நாள் வாரியத்தில் மூன்று பிரிவும் கூடின. தலைமை, வட்டார இயக்குநர் அற்புதராஜ். சிவந்த வீட்டின் பெயரை ஏன் ஏற்றவில்லை என்று தன்ஷிகாவைக் கேட்டார்கள். மூன்று நாளில் சொல்கிறேன் என்றாள். உள்ளே என்ன பார்த்தாய் என்றார்கள். மூன்று நாளில் சொல்கிறேன் என்றாள். பிறகு, சிவந்தது முளைப்பாரி வீடு, ஆகவே களை சட்டிக்குள்தான் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டு பேசினார்கள். சட்டிக்குள் இருக்கும் களை யாருடையது? தண்ணீரில் இல்லை என்றது நீர்நிலைப் பிரிவு. சட்டி நிலம் ஆகாது என்றது வேளாண் பிரிவு. வீட்டுக்குள் இருப்பது தனியார் விவகாரம் என்றது நகரப் பிரிவு. வாரியம் தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக மூவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: தப்பு முளைப்பாரியின் மேல்தான். ஊர்வலம் நடக்கலாம், கண்மாய்க்குள் கொண்டுபோகத் தடை, படித்துறையில் போலீஸ். தன்ஷிகாவுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் கொடுத்தார்கள். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாள். டீ கொண்டுவந்த மகாலிங்கம் எங்கள் தெருக்காரர். வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்தார்.

ஊர்வல நாள் வந்தது. கதவு திறந்தது. இருபது பெண்களும் தலையில் சட்டியோடு வெளியே வந்தார்கள். அப்படி ஒரு வளர்த்தியை நாங்கள் பார்த்ததில்லை. முழ உயரத்துக்குப் பூக்கூடை மாதிரி வெளிர்மஞ்சளாய் ஆடியது. என்ன செழிப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். எதன் செழிப்பு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கொட்டு முழங்கியது. கோயிலைச் சுற்றிக் கும்மி முடிந்தது. வடக்கே போனால் கண்மாய். அங்கே படித்துறையில் இரண்டு போலீஸ்காரர்கள் லத்தியோடு காத்திருந்தார்கள். ஷர்மிளா அக்கா வளைவுக்கு வந்ததும் தெற்கே திரும்பினாள். பின்னாலேயே இருபது சட்டியும் திரும்பியது. கொட்டுக்காரர்கள் மட்டும் பழக்கத்தில் வடக்கே கொஞ்ச தூரம் போய்விட்டு ஓடிவந்து சேர்ந்தார்கள். போலீஸ்காரர்கள் சாயங்காலம்வரை அங்கேயே நின்றதாகக் கேள்வி.

தெற்கே வாரிய அலுவலகம். அதன் வளாகத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக 'முன்மாதிரிக் குளம்' என்று ஒன்று கட்டி வைத்திருந்தார்கள். சிமெண்ட் தொட்டி, நீல ஓடு பதித்தது, உள்ளே நாலு தங்கமீன். 'களை இல்லாத குளம், கவலை இல்லாத ஊர்' என்று பலகை. தொட்டியைச் சுற்றி வரிசையாகக் கோள்செடிகள், பச்சைப் பசேலென்று.

அற்புதராஜ் வெளியே ஓடிவந்தார். "என்னம்மா இது? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"கண்மாய்ல கரைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள் ஷர்மிளா அக்கா. தலைச்சட்டி அசையவில்லை. "நல்ல குளமாப் பாத்து வந்திருக்கோம்."

அவர் தன்ஷிகாவைத் தேடினார். அவள் அங்கேதான் இருந்தாள். தொட்டியின் வடிகாலை முந்தின நாளே சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, தங்கமீன்களை ஒரு வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

குலவை போட்டார்கள். ஒவ்வொருத்தியாக இறங்கி, சட்டியைச் சாய்த்து, முளையை வேரோடு நீரில் அலசி விட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரி கடைசியாக வந்தாள். அவள் தன் சட்டியைக் கரைத்துவிட்டு நிமிர்ந்தபோது, தொட்டியோரத்துக் கோள்செடிகளில் ஒன்று சிவந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கொட்டு நின்றுபோனது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வாரியத்து வாசல் முழுக்கச் சிவப்பானது.

"குடுத்தவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டோம்" என்றாள் ஷர்மிளா அக்கா. கையிலிருந்த காப்பை அவிழ்த்தாள். பிறகு தன்ஷிகாவின் கையைப் பிடித்து அவள் காப்பையும் அவிழ்த்துவிட்டாள். "இப்பச் சொல்லும்மா."

தன்ஷிகா பிரசார ஆட்டோவின் ஒலிபெருக்கியை எடுத்தாள். களையை வாரியமே மட்கவைத்தது, வாரியமே வெயிலில் வைத்துச் சோதித்தது, வாரியமே வீட்டுக்கு வீடு கொடுத்தது, அதை ஊர் பக்தியோடு கண்மாய்க்குக் கொண்டுபோனது என்று நாலே வாக்கியத்தில் சொன்னாள். அற்புதராஜ் நடுவில் இரண்டு தடவை "இதைக் கமிட்டியில் பேசலாம்" என்றார். அந்த இரண்டு தடவையும் ஒலிபெருக்கியில் விழுந்தது.

சாயங்காலம் பேருந்து நிலையத்தில் எங்கள் ஊரே கூடிவிட்டது. சிவந்த வாசலின் பெயரைத் திரையில் ஏற்ற வேண்டும் என்பது விதி. ஏற்றும் பொறுப்பு மக்கள் தொடர்பு அலுவலருடையது. முதல் பெயர் ஓடியது: களைத் தடுப்பு வாரியம், ஏழுமடை வட்டார அலுவலகம். கைதட்டினோம். கீழே இரண்டாவதாக ஒரு பெயர் வந்தபோது கைதட்டல் பாதியில் நின்றது: தன்ஷிகா, மாடி வீடு, செல்லாயி அம்மன் கோயில் தெரு. அவள் மொட்டை மாடியில் மல்லிகை வைத்திருந்தாள். வாரிய உரம்தான் போட்டிருந்தாள். தொட்டிக்கு அடியில், நிழலில், முளைத்திருந்தது. தண்ணீர் லாரி மறுநாள் எங்கள் தெருவுக்குத்தான் கடைசியாக வந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். மூட்டைகளைத் திரும்ப வாங்க அவள் தெருத் தெருவாக வந்தபோது எந்த வீட்டிலும் கதவை மூடவில்லை. கொல்லைக்குக் கூட்டிப்போய், இங்கே இருந்தது, பிடுங்கி அங்கே போட்டேன் என்று சுவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார்கள். அந்தப் பக்கத்துக்காரர் இந்தப் பக்கத்தைக் காட்டினார். ரோகிணிகூட ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். சபதம் வாரியத்துக்குத்தான், இவளுக்கில்லை என்று விளக்கமும் சொன்னாள். அந்த மழைக்காலத்தில் படித்துறை ஓரத்தில் தண்ணீர் தெரிந்தது. அதற்கடுத்த மழைக்காலத்திலும் தெரிந்தது.

திரையில் இப்போது சினிமா விளம்பரம் ஓடுகிறது. அற்புதராஜ் பதவி உயர்வில் சென்னைக்குப் போய்விட்டார். இருட்டறைச் சோதனையைக் கண்டுபிடித்தவர் என்று அவரைப் பற்றி ஒரு பேட்டி வந்தது. ரோகிணி அதைப் படித்துவிட்டு, அந்தப் பத்திரிகைக்கும் தண்ணீர் தருவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஜெயசுதா மறுபடி வந்தாள். ஜோசியர் இப்போது நேரம் நன்றாக இருக்கிறது என்கிறாராம். ஷர்மிளா அக்கா மறுப்புச் சொல்லவில்லை; முறைக்கு நாங்களும் ஒருதடவை உங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் கோள்செடி அத்தனை பச்சையாக இருந்தது. நிவேதா குனிந்து ஓர் இலையை விரலால் தொட்டாள். பிளாஸ்டிக். இரண்டு வருடமாக அந்தத் தெருவிலேயே சுத்தமான வீடு என்று பெயர் வாங்கியது அதுதான். நிவேதா உள்ளே போய்க் காப்பியைக் குடித்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஜெயசுதாவின் பையன் சிவகாசியில் பெண் எடுத்தான். நிவேதா திருச்சிக்குப் போய்விட்டாள். உரத்தை இருட்டறையில் வைத்துப் பார்க்கிற கூடத்தில் வேலை. இன்னும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நாங்கள்தான், அவள் இல்லை.

தன்ஷிகாவை அந்தக் குறிப்பாணைக்குப் பதில் எழுதும் முன்பே மேற்கு மலையடிவாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வேறு களை, வேறு மூன்று பிரிவு. போகும்போது மாடியிலிருந்து ஒரே ஒரு பெட்டி இறங்கியது. அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கண்டுபிடிக்காமலே அனுப்பிவிட்டோமே என்று எங்களுக்கெல்லாம் வருத்தம். அடுத்த வருடம் அவளுடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. 'முளைப்பாரி வீடு, ஏழுமடை' என்று மட்டும் விலாசம் போட்டு. தபால்காரர் யாரையும் கேட்காமல் நேராக ஷர்மிளா அக்கா வீட்டில் கொடுத்தார். அவள் போய்வந்தாள். பேருந்திலிருந்து இறங்கியவளை வீட்டுக்குக்கூட விடாமல் சூழ்ந்துகொண்டு, மாப்பிள்ளை எப்படி, குடும்பம் எப்படி என்று கேட்டோம்.

"மாப்பிள்ளை வீட்டு வாசல்ல ரெண்டு தொட்டி வச்சிருக்காங்க" என்றாள் ஷர்மிளா அக்கா. "ஒண்ணு லேசாச் சிவந்துதான் இருக்கு. தொட்டுப் பாத்தேன். நிஜச் செடி."